விரிவாக்கத்துக்கு மையம் கிடையாது

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்றால், முதலில் என்மேல்.

நான் விழுப்புரத்தில் இயற்பியல் வாத்தியார். பிரபஞ்ச விரிவாக்கம் பற்றிப் பேச திண்டிவனத்தில் ஒரு படிப்பகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பத்துப் பேர் வந்தாலே பெரிது என்று போனால், கூடம் வழிந்தது. நம் புகழ் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று காலரைச் சரிசெய்துகொண்டேன். பிறகுதான் பார்த்தேன்: எல்லோர் கையிலும் பட்டா நகல்.

வாசல் கரும்பலகையில் எந்தப் புண்ணியவானோ ‘பிரபஞ்ச’த்தை விழுங்கிவிட்டு, ‘விரிவாக்கம்: தவறான எண்ணங்களும் விளக்கமும்’ என்று எழுதியிருந்தான். சாலை விரிவாக்கத்துக்காக அந்தத் தெருச் சுவர்களில் சிவப்புக் குறி போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த வீரன் அதைச் செய்யவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

“விரிவாக்கத்துக்கு மையமே கிடையாதுங்க.”

“நடுக்கோடு இல்லாம எப்டிய்யா அளந்தீங்க?” பின்வரிசையில் ஒருவர் எகிறினார்.

“ரொம்ப தூரத்துல இருக்கிறது ஒளியைவிட வேகமா விலகுறதும் உண்டு…”

“எங்களுக்கு நோட்டீசு அத்தவிட ஜல்தியா வந்துச்சே!”

சட்டை முதுகோடு ஒட்டியது. “அதெல்லாம் ஓடலீங்க, நடுவுல இருக்கிற வெளிதான் நீளுது. அதனால ஒளியோட வேக விதி உடையல. ஈர்ப்புல கட்டுண்டது எதுவும் பிரியாது. இந்த விரிவாக்கத்தால நம்ம பூமிக்கோ வீட்டுக்கோ ஒண்ணும் ஆகாது.”

முன்வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தார். போனில் கணவரிடம், “யோவ், ஆபீசரே சொல்லிட்டாருய்யா! நம்ம வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதாம்!” என்றார். குரல் உடைந்து அழுகையானது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “அம்மா, நான் ரோடு ஆபீசர் இல்ல. வாத்தியார். நான் சொன்னது வானத்தப் பத்தி.”

கூடம் கத்தியது. கத்தட்டும். குறி போடத் தெரிந்தவர்களில் ஒருவனுக்குக்கூட அந்தத் தெருவில் வந்து நின்று இரண்டு வார்த்தை பேச மூன்று மாதமாக நேரமில்லை. இவர்கள் தங்கள் சுவரின் கதியை நட்சத்திரம் எண்ணுகிற ஒரு கோமாளியிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் கத்தவில்லை. “அப்ப எதுக்கு சார் வூடுன்னு சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார். போனில் கணவர் இன்னும் ஏதோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“சும்மா கெடய்யா,” என்றார் அவரிடம். “அது வேற விரிவாக்கமாம்.”