மீன் குஞ்சுக்காக இருட்டாக்கிய தீபாவளி

வீட்டுத் தொட்டியில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். கடல் தண்ணீர்கூடக் கிடைத்துவிடும், ஆனால் ஜார்ஜ்டவுன் ஃப்ளாட்டில் அந்த மீனுக்கு நிம்மதி எங்கே கிடைக்கிறது?

மச்சான் வந்தார்

முதல் முட்டைகள் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருந்தன. ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காத்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்த என் மச்சான், பார்த்த சந்தோஷத்தில் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். மிரண்டுபோன ஜோடி அத்தனை முட்டையையும் தின்று தீர்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் முறுக்கைக் கடித்தபடி சொன்னார்: "அது முட்டையை அதுவே தின்னுச்சு, உங்களுக்கு என்னலா போச்சு?"

சாம்பிராணி

அடுத்த தடவை முட்டைகள் பொரித்தன. குஞ்சுகளுக்குத் தீனி, நான் வாளியில் வளர்த்த கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். வாளிக்குக் காற்றடிக்கும் பம்ப் சாமி மேடைக்குக் கீழே இருந்தது. புத்திசாலி நான்! வெள்ளிக்கிழமை என் மனைவி கமலா சாம்பிராணி போட்டாள், பம்ப் அந்தப் புகையை இழுத்து வாளிக்குள் ஊதியது. பூச்சிகள் செத்தன, தீனியில்லாமல் குஞ்சுகளும் போயின. நான் கத்த, அவள் அதற்கு மேல் கத்தினாள்: "மீனுக்காகச் சாமிக்குப் புகை போடாம இருக்க முடியாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, தொட்டியையே யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துடுவேன்!"

கும்மிருட்டு

மூன்றாவது முட்டைகளில் குஞ்சுகளின் கண் வெள்ளியாய் மின்னியது தீபாவளிக் காலையில். அப்படி மின்னினால் அன்று மாலையே பொரிக்கும், அதுவும் கும்மிருட்டில்தான். அதற்கு வாய்த்த நாளைப் பாருங்கள்! பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒரு விளக்கு விடாமல் அணைத்தேன். கமலா பட்டுப்புடவையில், ஏற்றாத அகலின் திரியைத் திரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

கதவு தட்டினார்கள். எதிர்வீட்டு லெட்சுமி அக்கா, பலகாரத் தட்டோடு. உள்ளே இருட்டைப் பார்த்ததும் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "தம்பி... வீட்டுல யாரு தவறிட்டாங்க?"

அகல்

"நல்ல நாளும் அதுவுமா!" என்று கமலா விருட்டென்று எழுந்து, அகலை ஏற்றித் தொட்டியோரம் கொண்டுபோனாள். "ஐயோ, அணை!" என்று பாய்ந்தவன் அப்படியே நின்றேன். இருட்டில் ஏற்கெனவே பொரித்திருந்த குஞ்சுகள், மயிரிழை கனம்கூட இல்லாதவை, வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமாக வந்து கண்ணாடியோரம் மொய்த்தன. குவளையால் மொண்டு மொண்டு குஞ்சுத் தொட்டிக்கு மாற்றினேன். கமலா விளக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தீங்களா, விளக்கு வச்சாதான் வீட்டுக்கு எதுவும் வரும்."

தொட்டியும் பிழைத்தது, குஞ்சுகளும் பிழைத்தன, எங்கள் மாடியில்தான் யார் செத்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.