பச்சை முள்

எங்கள் ஏரியில் மட்டும் ஒரு மீன் உண்டு. உள்ளங்கை நீளம், பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. முள் மட்டும் பச்சை. உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். இங்கேயும் மிச்சம் கொஞ்சம்தானாம். வலையில் விழுந்தால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். செத்திருந்தால் மீன்துறைக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

காவலர் என் தாய்மாமா. பட்டப்பெயர் மீன் போலீஸ். வைத்தது யாரென்று கேட்காதீர்கள். கரைக்கு வரும் ஒவ்வொரு கூடையிலும் முழங்கை வரை கைவிட்டுத் துழாவுவார். அவரிடம் கைகுலுக்கினால் அன்று முழுக்கப் பூனைகள் நம் பின்னாலேயே வரும்.

என் அப்பாவின் கூடையில் மட்டும் கைவிடமாட்டார். அக்கா புருஷனைச் சோதிப்பதா என்று கூச்சம். "போங்க மச்சான்" என்பார். அப்பா ராஜா மாதிரி நடந்துபோவார்.

போன வாரம் அப்பா என்னிடம் மாமா வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினார், தலையும் வாலும் நறுக்கி, சுத்தம்செய்து. வீட்டில் ஒரு தம்ளர் கூடக் கழுவாத மனிதர். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கோ வறுவல் நினைப்பு. நானும் அங்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி மீனைப் பாதி தின்றபோது மாமாவின் கை நின்றது. முள்ளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். பச்சை. 'போலீசே தடயத்தைத் தின்னுட்டாரு' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். உப்பு பத்தவில்லையா என்று அத்தை கேட்டாள். அவர் எழுந்து போய் வாய் கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கரையில் அப்பா வழக்கம்போலத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"கூடைய இறக்குங்க மச்சான்."

எல்லோரும் திரும்பினார்கள். மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அந்த முள்ளைக் காட்டினார். "நேத்து இந்தக் கூடையில கை வைக்காம விட்டேன். தின்னதும் நான்தான்."

"எங்க கூடைன்னா மட்டும் கை நல்லா நீளும்," என்றார் ஒரு வலைக்காரர்.

மாமா அதற்கும் தலையாட்டினார். பிறகு அப்பாவின் கூடையில் முழங்கை வரை கைவிட்டார். எதுவும் இல்லை. அப்பா ஏரியைப் பார்த்தபடி, "வலையிலயே செத்துக் கிடந்துச்சு, மாப்ள. வீணாக்க மனசு வரல," என்று முனகினார்.

"சொல்லியிருக்கலாமே."

மாமா முள்ளை மறுபடி பொட்டலமாக மடித்துக்கொண்டு, நடந்ததை ஒப்புக்கொள்ள மீன்துறை ஆபீசுக்கு நடந்தார். வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது. கூடவே போகச் சொல்லி அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

வழியில் ஒரு பூனை மாமாவின் பின்னால் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.