இருக்கட்டும் என்று எழுதியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினர்க்கும், கல்வித் தத்துவத்திற்கெனத் தமிழில் வெளிவரும் நம் காலாண்டிதழின் வாசகர்களுக்கும் என் பணிவான வணக்கம். இதழைத் தொடங்கியவரும் அதன் முதல் ஆசிரியருமான பேராசிரியர் தேவசகாயம் அவர்களைப் பற்றிய இந்நினைவுரையைத் தை மாத இதழுக்கே நான் அனுப்பியிருக்க வேண்டும். பங்குனி பிறந்த பின் அனுப்புகிறேன். உடல்நலக் குறைவே காரணம் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உடல் நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மும்முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் இரண்டாம் பக்கத்தில் நின்றுபோனது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மார்கழியில் ஒருநாள் காலை, சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேராசிரியரின் துணைவியார் எஸ்தர் பேசினார். "அம்மா, நான் எஸ்தர். சார் போயிட்டாரும்மா. காபி குடிச்சுக்கினு பேப்பர் பாத்துக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு." நான் அதற்குச் சொன்ன பதில் இது: "தங்களின் ஈடுசெய்ய இயலாத இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்." "சரிம்மா. வந்துடுங்க" என்று வைத்துவிட்டார். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அச்சுக்கு அனுப்பும் வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன் என்பது தொலைபேசியை வைத்த பிறகே எனக்கு உறைத்தது.

பேராசிரியர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். என் பேச்சைக் கேட்டு அவர் சிரித்ததில்தான் எங்கள் அறிமுகமே தொடங்கியது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நகரத்து அச்சகம் ஒன்றில் ஈய எழுத்துக் கோத்து, திருமண அழைப்பிதழ்களுக்கு மெய்ப்புத் திருத்தி, இலக்கண நூல்களை நானே வாங்கிப் படித்துத் தமிழ் கற்றவள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை ஒளிக்கும் வழக்கமும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இவ்விதழின் முதல் பிரதி யாரோ ஒருவர் மூலம் அச்சகத்திற்கு வந்தது. படித்து முடித்ததும், முப்பத்தேழு பிழைகளைப் பக்க எண், வரி எண்ணுடன் ஓர் உள்நாட்டு அஞ்சல் தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் ஒருவர் சைக்கிளை அச்சக வாசலில் சாய்த்துவிட்டு, அந்தத் தாளோடு உள்ளே வந்தார்.

"இந்தக் கடுதாசி எழுதினது யாருங்க?"

எங்கள் முதலாளி அச்சத்தோடு என் பக்கம் கைகாட்டினார்.

"முப்பத்தேழு இல்லம்மா. நான் எண்ணிப் பாத்தேன், முப்பத்தொம்பது இருக்குது. உங்களுக்கே ரெண்டு தப்பிச்சிக்கினு போயிடுச்சு."

"எவ்வெவை?" என்று கேட்டேன்.

"எவ்வெவையா? கீரை விக்கிற ஆயாகிட்டயும் இப்படித்தான் கேப்பீங்களா?"

"ஆம்" என்றேன். அது பொய்யன்று. அவர் அங்கேயே ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தார். அன்று மாலையே இதழின் மெய்ப்புகள் என் கைக்கு வந்தன. ஓராண்டில் துணையாசிரியர் என்று என் பெயரும் அட்டையின் உட்பக்கத்தில் ஏறியது.

திருப்புட்குழியை அடுத்த ஓர் ஊரில், நிலமற்ற கூலிக் குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவம் கற்பித்தார். வகுப்பிலும் கருத்தரங்கிலும் ஊர்ப் பேச்சையே பேசினார். எனக்கு அது கூச்சமாக இருந்தது. ஒருமுறை துணிந்து சொன்னேன். "தமிழ எழுதறப்ப நீங்க பாத்துக்கங்கம்மா, பேசறப்ப நான் பாத்துக்கறேன்" என்றார்.

வரும் கட்டுரை ஒவ்வொன்றையும் எழுதியவர் பெயர் தெரியாதபடி இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பெயரின்மேல் காகிதத் துண்டு ஒட்டிப் படியெடுக்கும் வேலை என்னுடையது. "பேர மறைச்சுட்டா எல்லாரும் ஒரே உயரம்மா" என்பார். அவர் கல்லூரி முதல்வரின் கட்டுரையே ஒருமுறை மதிப்பீட்டில் தேறவில்லை. முதல்வர் எங்கள் அலுவலக அறைக்கே வந்துவிட்டார்.

"யாருய்யா அந்த மதிப்பீட்டாளர்?"

"அத சொல்லக்கூடாது சார். என்னையே கேட்டாலும், கட்டுரை உங்களதுன்னு எனக்கே தெரியாது. இந்த அம்மா பசை போட்டு ஒட்டிட்டாங்க. அவங்ககிட்ட நான் கூடப் பேச முடியாது."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் பசைக் கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் போன பின் பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று விளையாட்டுக்காக அவர் என் பக்கம் கைகாட்டினார். வேறொரு நாளில், உண்மையாகவே கைகாட்ட வேண்டியிருந்தபோது காட்டவில்லை. நான் எழுதத் தயங்கியது அந்த நாளைத்தான்.

திருப்பருத்திக்குன்றத்தைச் சேர்ந்த ராஜமதி என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியை, முதல் வகுப்பின் முதல் நாளைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். மதிப்பீட்டாளர் இருவரும் ஒரு சொல்லையும் மாற்றாமல் வெளியிடலாம் என்று எழுதினார்கள். அதில் இப்படி இரு வரிகள் இருந்தன: "வகுப்புக்குள் நுழையும் குழந்தையிடம் இருப்பது தெரியாமை. அதை அறியாமை என்று பெயர் மாற்றிய நாளில்தான் ஆசிரியர் நீதிபதி ஆனார்." கட்டுரை முழுவதும் அந்தத் 'தெரியாமை' வந்துகொண்டே இருந்தது. அது பேச்சு வழக்கு, எழுத்துக்கு ஆகாத சொல் என்று நான் முடிவு செய்தேன். எல்லா இடத்திலும் சிவப்பு மையால் அடித்து 'அறியாமை' என்று எழுதினேன். அப்படிச் செய்ததும் இரண்டாம் வரி பொருளற்றுப் போனது. எழுதியவர் குழம்பிவிட்டார் என்று எண்ணி, அதையும் நானே சீர்செய்தேன்: "வகுப்புக்குள் நுழையும் குழந்தையிடம் இருப்பது அறியாமை. அதைப் பெயர்த்தெறியும் நாளில்தான் ஆசிரியர் ஆசான் ஆகிறார்." எழுதி முடித்து இருமுறை வாய்விட்டுப் படித்தேன். ஓசை நயமாக இருந்தது. மகிழ்ந்தேன்.

அகராதியைத் திறந்திருந்தால், தெரியாமை என்ற சொல் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பேன். திறக்கவில்லை. பேராசிரியர் அந்த வாரம் தேர்வுப் பணியில் இருந்தார். "நீங்க பாத்துட்டீங்கன்னா நான் பாக்க வேணாம்மா" என்று இறுதி மெய்ப்பில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இதழ் வெளிவந்தது.

மூத்த மதிப்பீட்டாளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. தாம் ஏற்ற கட்டுரையும் அச்சான கட்டுரையும் நேர்மாறான கருத்துடையவை என்றும், மதிப்பீட்டுக்குப் பின் கட்டுரையின் கருத்தையே மாற்றும் இதழை ஆய்விதழ் என்று அழைக்கலாகாது என்றும் எழுதியிருந்தார். பேராசிரியர் அதை இருமுறை படித்தார். மெய்ப்புக் கட்டை அவிழ்த்து, அந்தப் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கைதானேம்மா?"

சிவப்பு மை பளிச்சென்று இருந்தது. நான் சொன்னேன்: "எழுத்துக் கோத்தபோது நேர்ந்த பிழைகளை மட்டுமே திருத்தினேன் ஐயா. மூலத்தில் 'அறியாமை' என்றே இருந்தது."

மூலம் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் இழுப்பறையைத் திறக்கவில்லை. மெய்ப்பை ஒரு நீண்ட உறையில் இட்டார். "சரிம்மா" என்றார்.

ஆசிரியர் குழு கூடியது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கு. இந்த மாற்றங்கள் யாருடைய கை என்று கேட்டார்கள். "என் கைதான்" என்றார் பேராசிரியர். ஏன் செய்தீர்கள் என்று கேட்டார்கள். "அப்ப சரின்னு பட்டுச்சு" என்றார். அவர் ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலக வேண்டுமெனத் தீர்மானமாயிற்று. நான் எழுதினேன்: "ஆசிரியர் தம் கவனக்குறைவை முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டு, பதவி விலக இசைந்தார்." முழுமனத்துடன் என்பதை யாரும் சொல்லவில்லை. வாக்கியம் நிறைவாக அமையட்டும் என்று நானே சேர்த்தேன். இந்தக் கையால்தான்.

எல்லோரும் போன பின் அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்கு அந்தச் சொல் தெரியல, அவ்வளவுதான். நீங்க முன்னாடி நின்னீங்கன்னா, 'எட்டாவது படிச்சவங்க கையில குடுத்தா இப்படித்தான்'னு ஒருத்தர் சொல்லுவாரு. மத்தவங்க தலையாட்டுவாங்க. அத கேட்டுக்கினு உக்கார என்னால ஆவாது. இருக்கட்டும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "தேநீர் தருவிக்கட்டுமா ஐயா?" என்று கேட்டேன். "தருவியுங்கள்" என்றார், என்னைப் போலவே அழுத்தமாக உச்சரித்து.

மறுநாள் அவர் சைக்கிளில் திருப்பருத்திக்குன்றம் சென்று மூலத்தை ராஜமதி அவர்களிடம் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு வந்ததாகப் பின்னர் அறிந்தேன். சரியான வடிவத்தை அடுத்த இதழில் வெளியிட அனுமதி கேட்டிருக்கிறார். "வேணாம் சார். நீங்களே மாத்தியிருக்கீங்க. திரும்ப அச்சுல பாத்தா, என் எழுத்துல என்னா குறைன்னு நான் வருஷம் பூரா யோசிச்சுக்கினு இருப்பேன்" என்று அவர் மறுத்துவிட்டாராம். 'ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்த மாற்றங்களுக்கு வருந்துகிறோம்' என்னும் சிறு சீட்டு ஒன்றை மட்டும் அடுத்த இதழில் ஒட்டினோம். ஒட்டியவள் நான். ராஜமதி அவர்கள் அதன்பின் எதையும் எழுதி அனுப்பவில்லை.

பேராசிரியர் தாம் தொடங்கிய இதழுக்குச் சந்தாதாரர் ஆனார். நான் துணையாசிரியராகத் தொடர்ந்தேன். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நூல் மதிப்புரை அனுப்புவார். உறையின்மேல் என் பெயர் இருக்கும். உள்ளே, 'பிழை இருந்தால் அடிக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அதில் குத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடினேன். இல்லை. நான் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அது மரியாதையால் அன்று, அச்சத்தால்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து எஸ்தர் என்னை அழைத்து, அந்த நீண்ட உறையைக் கையில் கொடுத்தார். "உங்க பேரு போட்டு வச்சிருந்தாரும்மா. நான் பிரிக்கல." உள்ளே அந்த மெய்ப்புப் பக்கம். என் சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. நான் அடித்த 'தெரியாமை' ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். மெய்ப்புத் திருத்துவோர் அனைவரும் அறிந்த குறி அது. அடித்தது தவறு, அடித்த சொல்லை அப்படியே விட்டுவிடவும் என்பது அதன் பொருள். அச்சாகி முடிந்த பின், இனி எந்த அச்சகத்திற்கும் போகப் போவதில்லை என்று தெரிந்தே, ஓர் இடம் விடாமல் அந்தப் புள்ளிகளை வைத்திருக்கிறார்.

அன்று அந்த அறையில் அவர் சொன்ன 'இருக்கட்டும்' எனக்கானது என்று இத்தனை ஆண்டுகள் எண்ணி, அதைக் கொண்டு என்னைத் தேற்றிக்கொண்டேன். பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை. அது அந்தச் சொல்லுக்கானது. திருத்தியபோது எனக்குத் தெரியாமை இருந்தது; அதற்காக வெட்கப்பட வேண்டாம் என்பதைத்தான் ராஜமதி அவர்களின் கட்டுரையே சொல்கிறது. மேசைக்கு முன் நின்று பொய் சொன்னபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதற்கு அந்தக் கட்டுரையில் இடமில்லை.

பேராசிரியரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பக்கத்தை மட்டும். துணையாசிரியர் பொறுப்பை இத்துடன் விடுகிறேன்.

ஆசிரியர் குழுவினர்க்கு: அன்றைய குறிப்பேட்டில் 'ஆசிரியர்' என்று உள்ள இடத்தில் 'துணையாசிரியர்' என்று திருத்தி, என் பெயரை எழுதி, 'முழுமனத்துடன்' என்பதை அடித்துவிட வேண்டுகிறேன். இந்நினைவுரையையும் எதையும் நீக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

ராஜமதி அவர்களுக்கு: தங்கள் எழுத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. குறை என் கையில் இருந்தது. மூலம் தங்களிடம் இருக்குமானால், அக்கட்டுரையை அடுத்த இதழில் தாங்கள் எழுதியபடியே வெளியிட அனுமதி தாருங்கள். மெய்ப்பு என்னிடம் வராது. ஆடி இதழின் பக்கங்கள் வைகாசி இறுதியில் முடிவாகின்றன. ஓர் அஞ்சலட்டையில் ஒரு வரி போதும். விரைவில் பதில் எழுதுங்கள்.