விலக்கில் நின்ற கோழி

ஒரு கோழித் தலைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கழுத்தில் ஒரு துண்டையும் போட்டுவிட்டால் அது அச்சு அசலாக வட்டச் செயலாளர் ஆகிவிடும். இதை நான் பதினாறு அடி அகலத்தில், பத்து அடி உயரத்தில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் பிரிகிற ஓர் ஊர் விலக்கில், சாரல் காற்றுக்கு உப்பியும் ஒடுங்கியும் அந்தப் பேனர் நின்றது. “குளக்கரைக்கு வருகை தரும் கோழிக் கழிவே, வருக வருக” என்று மேலே கொட்டை எழுத்து. கீழே வட்ட வட்டமாக முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் குடல், கால், இறகு, ஈரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதவி. ஓரத்தில், “இவண்: கொசுப் பேரவை.” பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். அந்தக் காலை நேரத்தில் அங்கே சிரிக்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். அதை அங்கே ஏற்றி வைத்ததே என் கை.

அப்போது நான் தென்காசியில் ஒரு பிளக்ஸ் கடையில் ஆர்டர் எடுக்கிற வேலை பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் முதலாளி என்னை வாடிக்கையாளர்களோடு பேசுகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார். உள்ளே கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர் என்னைவிட நாலு வயது மூத்த ஒரு முஸ்லிம் பெண். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். கடையில் எங்கள் எல்லோருக்கும் அவர் லாத்தாதான். கணவர் சவுதியில் ஏசி மெக்கானிக்; அவரை லாத்தா மச்சான் என்பார். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் என்று எது வந்தாலும் லாத்தா கை பட்டால் ஒரு தனிக் களை வந்துவிடும். தாய்மாமன்மார்களில் யார் படம் பெரிசு, யார் படம் சிறிசு என்கிற பஞ்சாயத்தையெல்லாம் அவர் தீர்த்து வைத்த அழகுக்கே தனியாக ஒரு சம்பளம் கொடுத்திருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் வேறொரு வேலை செய்வார். பேஸ்புக்கில் ‘குளத்துக் கொக்கு’ என்று ஒரு பக்கம். மூக்குக் கண்ணாடி போட்ட கொக்குதான் அதன் முகப்புப் படம். பல்லாங்குழி மாதிரிக் கிடக்கும் ரோடு, மூடியே கிடக்கும் கழிப்பறை, தண்ணீர் வராத குழாய் எல்லாவற்றுக்கும் அந்தக் கொக்கு வாழ்த்துப் பேனர் அடித்துப் போடும். யாரோ ரிட்டயர்டு வாத்தியார் நடத்துகிறார் என்றுதான் ஊரே நம்பியது. எனக்கு மட்டும் தெரியும். என் வாயை நம்பி லாத்தா சொன்ன ஒரே ரகசியம் அது. “மச்சானுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வேலைக்கு முழுக்குதான் பிள்ளே. ‘பொம்பளைக்கு ஊர் வம்பு எதுக்கு’ன்னு சொல்லுவாக. படம் போடாம என்னால இருக்க முடியாது, கேட்டியா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது கை மவுஸைப் பிடித்திருந்த பிடியை நான் கவனித்தேன்.

ஒரு விஷயத்தில் அவர் கறார். யார் முகத்தையும் போட மாட்டார். “ஆளு மூஞ்சியப் போட்டா சண்டை ஆளோட போயிரும், சாக்கு அங்கனயேதான் கிடக்கும்” என்பார். சாக்கு என்றால் கோழிக் கழிவுச் சாக்கு. சீசன் தொடங்கினால் போதும், எந்தக் கடையிலிருந்து வருகிறதென்று தெரியாமல் அவர் ஊர்க் குளக்கரையில் மூட்டை மூட்டையாக வந்து விழும். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாற்றம் இந்த ஊருக்கு. மனு கொடுத்துப் பார்த்தார்கள். நானும் என் பங்குக்கு, “நாலு வார்த்தை நறுக்குன்னு திட்டி எழுத வேண்டியதுதானே லாத்தா” என்று கேட்டேன். “திட்டுனா படிச்சிட்டுப் போயிருவான். சிரிச்சாத்தான் அடுத்தவனுக்கு அனுப்புவான்” என்றார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கொக்கின் படத்துக்குக் கீழே சிரிப்பு பொம்மைகளாகக் குவியும். கரையில் சாக்குகளும் குவியும். சிரித்து முடித்ததும் கோபம் இறங்கிப்போய், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்களோ என்று தோன்றும். இதை நான் சொன்னபோது லாத்தா அடுத்த படத்தைத் திறந்துகொண்டார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும்.

பிளக்ஸ் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எந்தப் பேனரும் ஒரே தடவையில் முடியாது. மாமா பெயர் விட்டுப்போச்சு, தலைவர் கன்னம் கறுத்திருக்கு என்று வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். அதனால் கம்ப்யூட்டரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் டூ’, ‘ஃபைனல் ஓகே’, ‘ஃபைனல் ஓகே லாஸ்ட்’ என்று வரிசை நீளும். அந்த ஊர் வார்டு மெம்பருக்கு, எங்களுக்கெல்லாம் வார்டு அண்ணாச்சி, பிறந்தநாள் பேனர் தயாராகியிருந்தது. அதே சட்டகத்தில், அதே சிவப்பில், அவர் இருந்த இடத்தில் கோழியை உட்கார வைத்து லாத்தா தன் படத்தைச் செய்திருக்கிறார். அதுவும் முழு அளவில். சின்னதாகச் செய்தால் கோழி முகத்தில் உணர்ச்சி வராதாம். அதை ‘லாஸ்ட்’ என்று அங்கேயே போட்டு வைத்துவிட்டார். லாஸ்ட் என்றால் லாஸ்ட்தானே என்று நான் அதை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அச்சு மெஷின் ஓடும்போது நான் ஒரு காதணி விழாக்காரரோடு தாய்மாமன் தகராறில் இருந்தேன். பேனர் கட்டுகிறவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. உருட்டி வைத்ததை எடுத்துப்போய், மேல் எது கீழ் எது என்று மட்டும் பார்த்து, காற்றுக்குக் கிழியாமல் இருக்க நாலு இடத்தில் கீறிவிட்டுக் கட்டிவிடுவார்கள். காலையில் ஊர் விழித்தபோது விலக்கில் கோழி நின்றது.

நான் கடைக்கு ஓடி வந்து சொன்னதும் லாத்தாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. கால் மணி நேரத்தில் வார்டு அண்ணாச்சி வந்து இறங்கினார். பின்னால் ஒரு கூட்டமே போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தது. பதினொரு மணிக்கு அவருடைய தலைவர் அந்த வழியாக வருகிறார். விலக்கில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் கோழி நிற்கிறது. “எவன் செஞ்ச வேலை இது?” என்றார். முதலாளி கும்பிட்ட கையை இறக்கவில்லை. நான், “என் தப்புதான் அண்ணாச்சி, மாத்தி அச்சடிச்சிட்டேன்” என்றேன். அதோடு விட்டிருந்தால் கொக்கு யாரென்று எவருக்கும் தெரிந்திருக்காது. உள்ளேயிருந்து லாத்தா எழுந்து வந்தார்.

“அவ அச்சடிச்சா, அம்புட்டுதான். படம் போட்டது நான்.”

“அப்போ பேஸ்புக்குல பேனர் போடுத அந்தக் கொக்கு நீதானா?”

“நாந்தான்.”

“கிழிச்சு எறியச் சொல்லட்டுமா?”

“கிழிங்க அண்ணாச்சி. எல்லாரும் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. கோழிக்குப் பயந்த ஆளுன்னு நான் படம் போட வேண்டாம், அவங்களே போட்டுருவாங்க. நீங்க சாக்கை எடுக்கச் சொல்லுங்க, கோழிய நாங்களே இறக்கிருதோம்.”

வார்டு அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, “ஏலே, டிராக்டர எடுத்துட்டுக் குளத்துக்கு வா. ஆளுவளையும் கூட்டியா” என்றார். பத்தரைக்குக் கோழி இறங்கி, புதிதாக அச்சடித்த பேனரில் அவர் ஏறினார். டிராக்டருக்கு முன்னால் நின்று படம் எடுத்து, ‘சுகாதாரப் பணியில்’ என்று தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளவும் மறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாத்தா, “போட்டுட்டுப் போட்டும் பிள்ளே. சாக்கு போச்சுல்லா” என்றார். முதலாளி எங்கள் இருவரையும் வெகுநேரம் முறைத்தார். “நாளையிலிருந்து வரவேண்டாம்னு சொல்லணும். நாளைக்குன்னு பாத்து மூணு கல்யாணப் பேனர் கிடக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இப்போது நான் செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுக்க வருகிற காலேஜ் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில் போனில் படம் செய்கிறார்கள். ரோட்டையும் ரயிலையும் ஆள்கிறவர்களையும் கேலி செய்து நிமிஷத்தில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலதில் வெறும் நக்கல்தான் இருக்கிறது. சிலதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது. சிரிப்பால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. நானே கேட்டவள்தான். சிரிப்பு தனியாக எந்தச் சாக்கையும் தூக்காது. சிரித்த வாயோடு ஓர் ஆள் முன்னால் வந்து, நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு என்ன விலை என்பது சொன்னவருக்குத்தான் தெரியும்.

அன்று கடையில் யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் லாத்தாவின் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. அந்தக் குரூப்பில் சவுதிக்காரர்கள்தான் பாதி. நாலு மணிக்கு மச்சானிடமிருந்து போன் வந்தது. லாத்தா எடுக்கவில்லை. மறுபடி வந்தது, எடுக்கவில்லை. “கூட வாட்டி” என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு குளக்கரைக்குப் போனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கரை காலியாக, கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது. மூன்றாவது முறை வீடியோ காலாக வந்தபோது எடுத்தார். மச்சான் யூனிபார்மோடு எங்கேயோ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கன நிக்க?”

“குளத்துல.”

“போனைத் திருப்பு.”

லாத்தா திருப்பிக் காட்டினார். கரை நெடுக மெதுவாகக் காட்டிக்கொண்டே போனார்.

“நில்லு, நில்லு. அந்த மடை கிட்டக்க ரெண்டு சாக்கு கிடக்கு, தெரியுதா? விட்டுட்டுப் போயிருக்கானுவ.”

“ஆமா.”

“அதைப் படம் எடுத்துப் போடு. கொக்குப் பேருல போட்டா எவன் கேப்பான்? உன் பேரப் போட்டுப் போடு.”

லாத்தா நனைந்திருந்த போனைத் துப்பட்டா நுனியில் துடைத்துவிட்டு, மடையைப் பார்த்துக் கரையில் இறங்கினார்.