இருபத்தாறும் அருளப்பு மாஸ்டரும்

போன செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இஞ்சேருங்கோ, உங்கட அருளப்பு மாஸ்டர் போயிட்டாராம்” என்றாள். ஐந்து வருடமாக நானும் அவரும் பேசாதிருந்தும், அவளுக்கு அவர் ‘உங்கட’ மாஸ்டர்தான். எங்கள் இருவரோடும் படிப்பித்தவர்களுக்குக்கூட அந்தப் பேச்சு ஏன் நின்றது என்று தெரியாது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எழுத ஏலாது.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு சூட்கேசோடு கரம்பொனுக்குத் திரும்பியவர் அவர். தனி ஆள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்க வந்த முதல் வாரமே ஆசிரியர் அறையில் என்னைக் கேட்டார்: “மாஸ்டர், இருபத்தாறிலை என்ன விசேஷம்?”

அவரே விளக்கினார். இருபத்தைந்து ஐந்தின் வர்க்கம். இருபத்தேழு மூன்றின் கனம். இரண்டுக்கும் நடுவில் தனியே நிற்பது இருபத்தாறு. எட்டையும் ஒன்பதையும் பாருங்கள்: ஒன்று கனம், மற்றது வர்க்கம். ஆனால் ஒட்டி நிற்பதால் நடுவில் இடமில்லை.

“இப்பிடி இன்னொரு எண் இருக்கோ?” என்றேன்.

“தேடிப் பாருமன்” என்றார்.

தேடினேன். ஏழு வருடம். வர்க்கங்களை ஒரு பக்கமும் கனங்களை மறுபக்கமும் எழுதி, பின்னேரங்களில் என் ஊரான சுருவிலிலிருந்து சைக்கிளில் கொப்பியைக் கொண்டுபோவேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தருவார். சிவப்புப் பேனையால் ஒவ்வொரு பெருக்கலையும் பார்த்துச் சரி போடுவார்.

ஒருநாள் கண்டுபிடித்துவிட்டேன் என்றே ஓடினேன். 32இன் கனம் 32763, 181இன் வர்க்கம் 32761, நடுவில் 32762! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இரண்டிலை முடியிற எண்ணின்ர கனம் மூண்டிலை முடியுமோ, காணும்? உம்மட பிள்ளையள் கேட்டாச் சிரிக்குங்கள்.” எட்டை நான் மூன்றாக எழுதியிருந்தேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இன்னொரு நாள், 35இன் கனத்திலிருந்து 207இன் வர்க்கத்தைக் கழித்தால் இருபத்தாறே மிஞ்சுகிறது என்று காட்டினேன். “அது உம்மை விடாது போல. இன்னும் மேலை போம்” என்றார்.

தொண்ணூறில் சண்டையால் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவருடைய புத்தகங்களைச் சாக்கில் கட்டியவன் நான். ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் இருபத்தாறு என்ற எண்ணின் கீழ்ச் சிவப்புக் கோடு இருந்தது. வர்க்கத்துக்கும் கனத்துக்கும் நடுவில் நிற்பது இது ஒன்றே, வேறில்லை என்பது எப்போதோ நிறுவப்பட்டுவிட்டதாம். ஓரத்தில் அவர் எழுதியிருந்த திகதி கொழும்புக் காலத்தது.

“உமக்குத் தெரியும்” என்றேன்.

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

சாக்கின் வாயைப் பிடித்தபடி கேட்டார்: “சொல்லியிருந்தா நீர் வந்திருப்பீரோ?”

சாக்கைக் கட்டி அவர் சைக்கிளில் ஏற்றிவிட்டு நடந்தேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தோம். சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுவேன். வீண் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு பெருக்கலுக்கும் சரி போட்ட அந்தச் சிவப்புப் பேனையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதினொரு கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. நேற்று எல்லாவற்றையும் புரட்டினேன். அவர் போட்ட சரி ஒன்றுகூடப் பிழையில்லை.

வந்திருப்பேன், மாஸ்டர். இருபத்தாறு ஒன்றேதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தாலும், தேத்தண்ணி குடிக்க வந்திருப்பேன். அதை நீர் நம்பவில்லையே. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.