ஒன்பது படையல்கள்

சீனர்கள் வாழும் சோலோனில் கடலம்மன் கோயிலின் பின்கட்டில், இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் ஏழு வரிசையாக நிற்கின்றன. நான்காம் வரிசையில் பதினெட்டாவது பலகை தியூ விங்குடையது. அதை வைத்தவள் அவன் மனைவி லாம் கிம் சௌ, சந்தையில் நூடுல்ஸ் விற்றவள்.

விங் 1979இல், சந்திரக் கணக்குக்கு மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள், மீன்பிடிப் படகில் வேலை என்று ராக் ஜா துறைமுகத்துக்குப் போனான். கடிதம் வரவில்லை. படகு கவிழ்ந்ததாக ஒரு பேச்சு மட்டும் வந்தது. கிம் சௌ மூன்று ஆண்டு காத்திருந்தாள். செத்த நாள் தெரியாதவனுக்கு, வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளே திதி. 1982இல் அந்தத் தேதியைப் போட்டுப் பலகை வைத்தாள். அவன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதச் சொன்னாள். உயிரோடிருப்பவள் என்பதால் அதன்மேல் சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். பிள்ளையில்லாதவள். செத்த பிறகு ஒரு பிடி சோறும் ஒரு பத்தியும் கிடைக்க அவளுக்கு வேறு இடம் கிடையாது.

அவளுடைய முப்பத்திரண்டாம் வயதில் ஒரு தையற்காரர் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பலகையில் பெயர் ஏறிவிட்டது என்று சொல்லியனுப்பினாள். பக்கத்துக் கடைக்காரி, "காயிதம் தானேடி, கிழிச்சா வந்துடும்" என்று சிரித்தாள். கிம் சௌ அவளோடு ஒரு வருஷம் பேசவில்லை. ஆண்டு தவறாமல் வேகவைத்த வாத்தும், கறி அடைத்த பாகற்காய்ச் சூப்பும் படைத்தாள். மொத்தம் இருபத்தேழு படையல்.

2008இல், நான்காம் மாதம் ஆறாம் நாள், மி ஹான் என்ற இளம்பெண் ஒரு மண்சாடியோடு வந்தாள். பலகைப் பதிவேடு வைத்திருந்த கிழவர் குவோன், கிம் சௌவுக்கு ஆளனுப்பினார். சாடியில் இருந்தது விங்கின் சாம்பல். அவன் மூழ்கவில்லை. ராக் ஜாவிலேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, மி ஹானைப் பெற்று, 1990இல் ஒன்பதாம் மாதம் நாலாம் நாள் படுக்கையில் செத்திருந்தான். சாம்பலை இந்தக் கோயிலில் சேர்க்கச் சொன்னதும் அவன்தான். அம்மா இருந்தவரை சாடியை விடவில்லை என்றாள் மி ஹான்.

கிம் சௌ விரல் மடக்கி எண்ணினாள். முதல் ஒன்பது படையல் உயிரோடிருந்தவனுக்குப் போயிருந்தது.

பலகையிலிருந்த தேதியைப் பார்த்து மி ஹானும் அதே கணக்கைப் போட்டிருந்தாள். "மூணாம் மாசம் வந்தா அப்பாவுக்குக் காய்ச்சல் வரும், பெரியம்மா. யாரோ பொணச்சோறு வைக்கிறாங்கன்னு அம்மா அழும். அது நீங்கதானா?"

குவோன் அவளை அடக்கப் பார்த்தார். கிம் சௌ கைகாட்டி அவரை நிறுத்தினாள்.

"உங்கப்பன் என்ன சொன்னான்?"

அந்தப் பெண் தயங்கினாள். 1985இல் சோலோன்காரர் ஒருவர் படகுத்துறையில் விங்கைப் பார்த்து, பலகையைப் பற்றியும் படையலைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

"அப்பாவுக்குத் தெரியும். 'இருக்கட்டும் விடு, செத்தவனைத் தேடி யாரும் வரமாட்டாங்க'ன்னாராம்."

கிம் சௌ குவோன் பக்கம் திரும்பி, தேதியை அந்தப் பெண் சொன்னபடி மாற்றச் சொன்னாள். தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

"எடுத்தா உனக்கு வேற எடம் இல்லையேம்மா. யோசிச்சு வா."

"இருபத்தொன்பது வருஷம் யோசிக்காம இருந்தேன். எடுங்க, ஐயா."

அவர் காகிதத்தை உரித்து, அடியிலிருந்த எழுத்தை உளியால் சீவினார். மி ஹான் சாடியை வைத்துக் கும்பிட்டாள். திதிக்கு ராக் ஜாவிலிருந்து வர ஏழு மணி நேரம், ஒன்பதாம் மாதம் இறால் வேலை விடாது என்று இழுத்தாள். "நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, பெரியம்மா."

"என் சோறு அவனுக்கு ஒத்துக்காதுன்னு நீதானே சொன்னே" என்றாள் கிம் சௌ.

அந்த ஆண்டு ஒன்பதாம் மாதம் நாலாம் நாள் விங்குக்கென்று யாரும் வரவில்லை. ஆளில்லாதவர்களுக்குக் கோயில் வைக்கும் பொதுச்சோற்றில் அவன் பெயரையும் சேர்த்து வாசித்தார் குவோன். முன்கட்டில் கடலம்மனுக்குப் பத்தி ஏற்றிக்கொண்டிருந்த கிம் சௌவுக்கு அது கேட்டது. மூன்று பத்தியையும் பத்தித்தொட்டியின் சாம்பலில் நட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போனாள்.