பார்க்க மட்டும்

எங்கள் அலுவலகத்துக்குப் புதிய திட்ட மேலாண்மை மென்பொருள் வந்தபோது, யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம், யார் ஒப்புதல் தரலாம் என்று அனுமதிகளை வகுக்கும் வேலை என்னிடம் வந்தது. நானே கேட்டு வாங்கிய வேலை என்றும் சொல்லலாம். ஸ்கூடாயில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் இருக்கும் சிறிய நிறுவனம் அது. தொழிற்சாலைகளுக்கும் டேட்டா சென்டர்களுக்கும் குளிர்நீர்க் குழாய் பதிப்பது எங்கள் தொழில்.

எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்குப் புரியும். அதனால் எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்டேன். உங்களிடம் என்ன வருகிறது, யாரிடமிருந்து வருகிறது, அதை என்ன செய்கிறீர்கள், யாருக்கு அனுப்புகிறீர்கள், ஒரு வாரம் நீங்கள் இல்லாவிட்டால் எது நிற்கும்.

பக்கத்து மேசை அக்காவிடம் கடைசியாகக் கேட்டேன். ஆவணங்களைப் பதிவு செய்யும் எழுத்தர் அவர். நாற்பது தாண்டியவர், கணவர் இல்லை, ஒரே மகள். நாங்கள் இருவரும் பெர்மாஸ் ஜெயாவில் குடியிருந்ததால் இரண்டு ஆண்டுகளாக அவர் காரில்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

"எங்கப்பா எஸ்டேட்ல மண்டோர். காலைல பெரட்டுல ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சுப் பேர் கூப்பிட்டு, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்னு பிரிச்சு விடுவாரு," என்றார் அக்கா. "நீ கம்ப்யூட்டர்ல கூப்பிடுற. அதான் வித்தியாசம்."

"அக்கா, கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன பெருசா லா? சைட்லேர்ந்து டெஸ்ட் ஃபாரம் வரும். டைப் பண்ணுவேன். எஞ்சினியருக்கு அனுப்புவேன். நான் ஒரு வாரம் வராட்டி ஒண்ணும் நிக்காது. உனக்கு என்னோட ஓசி காடிதான் நிக்கும்."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். டைப் செய்கிறார், அனுப்புகிறார், எதுவும் நிற்காது.

ஆனால் இரண்டு ஆண்டுகள் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது அவர் குழாய் பதிக்கும் சைட்டுக்கு ஃபோன் போடுவது என் காதில் விழுந்தபடிதான் இருந்தது. பத்து மணிக்குத் தொடங்கிய அழுத்தச் சோதனை ஒன்பதரைக்கு எப்படி முடியும் என்று கேட்பார். இரண்டாம் மாடிக் குழாயின் எண் மூன்றாம் மாடிப் படிவத்தில் ஏன் வந்தது என்று கேட்பார். நேற்றைய அளவை அப்படியே இன்றைக்கும் எழுதி அனுப்பிய மேற்பார்வையாளரை, "தம்பி, மீட்டர் என்ன தூங்குதா?" என்று கேட்டுத் திரும்பச் சோதிக்க வைப்பார். இதை எழுத என் அட்டவணையில் இடம் இல்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னதை மட்டும் எழுதினால்தான் பட்டியல் நியாயமாக இருக்கும் என்று நான் நம்பினேன்.

கடைசிப் பத்தியில், என் குறிப்பாக ஒரு வரி சேர்த்தேன். சைட் மேற்பார்வையாளர்களுக்கு நேரடியாகப் பதியும் அனுமதி கொடுத்தால் தட்டச்சு நிலை தேவைப்படாது. ஒரு தேவையற்ற படியைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு எழுதிய வரி அது.

மூன்று வாரம் கழித்து மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் என் அட்டவணை இருந்தது. அந்த வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. இந்த போஸ்ட்ட எடுத்துடலாம்னு மேல ஓகே ஆயிடுச்சு."

"அவங்க டைப் மட்டும் பண்றதில்ல சார். செக் பண்ணுவாங்க."

"எங்க எழுதியிருக்கீங்க?"

நான் திரையைப் பார்த்தேன். எங்கும் எழுதியிருக்கவில்லை.

"செக்கிங்குக்கு நீங்க அப்ரூவரா இருங்க," என்றார். "அவங்களுக்கு ஒரு மாச நோட்டீஸ் இன்னைக்குக் கொடுக்குறேன். அதுவரைக்கும் வரட்டும். எடிட் மட்டும் வேணாம், வியூவர் போதும். க்ளையண்ட் ரெக்கார்டு இல்லையா, வருத்தத்துல ஏதாவது கை பட்டுடக் கூடாது."

அன்று மதியம் அக்கா மேலாளர் அறைக்குள் போனார். மென்பொருளில் அக்கா பெயருக்கு நேரே இருந்த சிறு பட்டியலை நான் திறந்தேன். அதில் ஐந்து நிலைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த 'பார்க்க மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். அவர் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தபோது, அவருடைய திரையில் 'சேர்' என்ற பொத்தானும் 'திருத்து' என்ற பொத்தானும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

மாலை வழக்கம்போல அவர் காரில் ஏறினேன். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் நெரிசலில் கார் நின்றபோது கேட்டார்.

"நீதான் மாத்துனியா?"

"ஆமாக்கா."

"ம்." முன்னால் நின்ற லாரி நகர்ந்ததும் கியரை மாற்றினார். "வீட்டுல சொல்லப் போறதில்ல. மகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை நடக்குது, மாசக் கடைசியிலதான் முடியும். அதுவரைக்கும் நான் வேலைக்குப் போறேன், வேலைலேர்ந்து வர்றேன். அந்தப் புள்ள படிக்கிறது கெட்டுப்போச்சுன்னா அப்புறம் எதுவும் எனக்கு வேணாம். தெரிஞ்சுதா?"

"சரிக்கா."

அந்த மாதம் முழுவதும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சைட்டிலிருந்து பதிவுகள் நேரடியாக வரத் தொடங்கின. அவரால் எல்லாவற்றையும் திறக்க முடிந்தது, எதையும் தொட முடியவில்லை. முதல் இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த நாலாவது வரி தப்பு," என்றார். எனக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. அவர் சொன்ன இடத்தில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். தப்புதான்.

கருத்து எழுதும் அனுமதியையாவது அவருக்குத் தரலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். கருத்துகளை வாடிக்கையாளரும் பார்ப்பார்கள், வேண்டாம் என்றுவிட்டார். அதன்பிறகு அக்கா பழைய படிவங்களின் பின்பக்கத்தைக் கிழித்து, பதிவு எண்ணையும் வரி எண்ணையும் எழுதி என் பக்கம் தள்ளுவார். நான் சைட்டுக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்தித் திருத்துவேன். ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் மென்பொருள் என் பெயரையும் நேரத்தையும் பதிந்துகொண்டது.

ஒரு நாள் மதியம், கடையிலிருந்து கட்டிவந்த மீ கோரேங்கைச் சாப்பிட்டபடி, "உன் லிஸ்ட்ட பார்த்தேன்," என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அனுமதி அட்டவணையும் அதே கோப்புறையில்தான் இருந்தது. பார்க்கும் அனுமதி அவருக்கு இருந்ததே.

"அக்கா, அந்தக் கடைசி வரி..."

"நான் சொன்னதத்தான் எழுதியிருக்க. பொய் ஒண்ணும் இல்ல." மீதியைப் பொட்டலமாகச் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். "ரெண்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்த. அதையும் எழுதியிருக்கலாம்."

அதைவிட அதிகமாக அவர் என்னைத் திட்டியதே இல்லை.

மாத முடிவுக்கு ஆறு வேலைநாள் இருந்தபோது, வாரக் கூட்டத்தில் மேலாளர் என்னைப் பாராட்டினார். புதிய முறை வந்தபிறகு வாடிக்கையாளர் ஒரு படிவத்தைக்கூடத் திருப்பி அனுப்பவில்லையாம். திருத்தங்களின் பட்டியலைத் திரையில் காட்டினார். மேலிருந்து கீழ்வரை என் பெயர். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் நேரே மேலாளர் அறைக்குப் போனேன். கிழித்த தாள்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை மேசையில் வைத்து, ஒவ்வொரு திருத்தமும் அக்கா கண்டுபிடித்தது, நான் பொத்தானை அழுத்தியது மட்டும்தான் என்றேன். அந்த வேலை நீக்கக்கூடிய வேலை இல்லை, என் குறிப்புதான் தவறு என்றும் சொன்னேன். அடுக்காகச் சொன்னால் எதையும் புரியவைத்துவிடலாம் என்று அப்போதும் நினைத்தேன்.

அவர் தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

"ரொம்ப நல்ல விஷயம். அப்ப எல்லாத்தையும் உங்களுக்குக் காட்டிக் கொடுத்துட்டாங்க. ஹேண்டோவர் முடிஞ்ச மாதிரிதானே?"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"இனிமே அவங்கள சும்மா உட்கார வெக்கிறதுதான் பாவம். நாளைலேர்ந்து வர வேணாம். சம்பளம் முழுசாக் கொடுத்துடுவோம். நானே சொல்றேன், நீங்க ஆக்ஸஸ மட்டும் எடுத்துடுங்க."

என் இடத்துக்கு நடந்து வரும்போதுதான் நாட்களை எண்ணினேன். ஆறு. மகளின் கடைசித் தேர்வு ஆறாம் நாள். அது எனக்குத் தெரியாததல்ல. எந்தப் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அக்காவிடம் நானே முதலில் சொன்னேன். அவர் நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"

"வேலையக் காப்பாத்திடலாம்னு நினைச்சேன்க்கா."

"தெரியும்." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நாளைக்குக் காலைல நான் கம்பெனி சட்டையப் போட்டுக்கிட்டு எங்க போறது?"

அவர் பை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போன நேரத்தில் அவர் பெயரை நீக்கினேன். உறுதியாகவா என்று மென்பொருள் ஒருமுறை கேட்டது.

மறுநாள் காலை, வழக்கமான நேரத்தில் என் அடுக்குமாடிக்குக் கீழே ஹாரன் ஒலித்தது. அக்கா கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். நெரிசலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். கடைவரிசையின் முன்னால் நிறுத்தி, "இறங்கு, லேட்டாவுது," என்றார். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. மாலை ஐந்தரைக்கு அதே இடத்தில் கார் நின்றது.

இப்படி ஆறு நாள். பகலெல்லாம் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "பேரங்காடி கார்பார்க்ல தூங்குறேன். வெயில் வந்தா இடம் மாத்திக்குவேன்," என்றார். மத்தியானம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, அனுமதி இல்லை. அந்த நாட்களில் வந்த பதிவுகளுக்கெல்லாம் நான் ஒப்புதல் கொடுத்தேன். சிலவற்றில் ஏதோ இடித்தது. எது என்று பிடிபடவில்லை.

ஆறாம் நாள் மாலை என் வீட்டருகே காரை நிறுத்தினார்.

"பரீட்சை முடிஞ்சிருச்சு. இன்னைக்குச் சொல்லிடுவேன். நாளைக்கு நீ வேற காடி பாத்துக்க."

என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். "சரிக்கா" என்றுதான் வந்தது. இறங்கிக் கதவைச் சாத்தினேன். அது சரியாக மூடவில்லை போல. அவர் எட்டி, உள்ளிருந்து மறுபடி ஒருமுறை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார்.